தூங்கும் கோடாலி

உயிர் என்றால் என்ன என்று விளக்கப் புகுந்த அரிஸ்டாட்டில், ‘ஆன்மாவைப் பற்றி’ என்ற நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு கோடாலியைக் கையில் எடுக்கிறார். கோடாலி இயற்கையில் தோன்றிய உடலாக இருந்திருந்தால் அதன் கோடாலித்தன்மைதான் அதன் உயிராக இருந்திருக்கும். அது நீங்கினால் மிஞ்சுவது பெயரளவில் மட்டுமே கோடாலி. கோடாலி அத்தகைய உடல் இல்லை என்பதால் உவமையைக் கண்ணுக்கு மாற்றுகிறார். பார்வை போன கண்ணும் கல்லில் செதுக்கிய கண்ணும் ஒன்று. அந்த இடத்திலேயே இன்னொன்றும் சொல்கிறார்: வெட்டிக்கொண்டிருப்பது விழிப்பு போன்றது, வெட்டும் வல்லமையோடு சும்மா இருப்பது தூக்கம் போன்றது. அப்படியானால் ஒரு கருவிக்கு மூன்று நிலைகள் உண்டு: விழிப்பு, தூக்கம், இறப்பு. பழைய கனடியக் கைக்கருவிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் நடுவே நெடுநாளாக நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. துருவைக் கூடத் தொடாமல் கிடைத்தபடியே வைப்பதா, சாணை பிடித்து வேலைக்கு எடுப்பதா? இரு தரப்பும் கருவியின் பெயரால்தான் பேசுகின்றன. இந்த மூன்று நிலைகளையும் பிரித்துப் பார்த்தால் வழக்கின் முடிச்சு அவிழும் என்று நினைக்கிறேன். அலமாரியில் தூங்குவதால் கருவிக்குக் கேடில்லை. தூக்கம் எப்போது சாவாகிறது என்பதே கேள்வி. அதற்கான விடை இரும்பில் இல்லை.

ஒட்டாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைப் பைன் மரங்களைச் சதுரமாகச் செதுக்கிய அகன்ற வாய்க் கோடாலியைப் பாருங்கள். அதன் வாய் ஒரு பக்கம் தட்டை. மறுபக்கத்தில் மட்டும் சரிவு. காம்பு நேராக இல்லாமல் பக்கவாட்டில் சற்று விலகி வளைந்திருக்கும். தட்டைப் பக்கம் மரத்தை ஒட்டி இறங்கும்போது பிடித்த கையின் முட்டி மரத்தில் உரசக்கூடாது என்பதற்காகவே அந்த வளைவு. இது தெரியாத ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், வளைந்த காம்பைக் கோணலானது என்று கழற்றி நேரான காம்பு போடுகிறார். சாதாரணக் கோடாலியைப் போல இரண்டு பக்கமும் சரிவு வைத்துத் தீட்டுகிறார். துருவில்லை, பளபளக்கிறது, கூராகவும் இருக்கிறது. ஆனால் கோடாலி செத்துவிட்டது. ஆன்டாரியோவின் கால்ட் ஊரில் ஷர்லி டீட்ரிக் பட்டறை மேப்பிள் இலை முத்திரையோடு செய்த ரம்பங்களின் கதியும் இதுவே. இருவர் இழுக்கும் ரம்பத்தில் வெட்டும் பற்கள் மரநாரை இரு ஓரமும் அறுக்க, இடையிலுள்ள வாரிப் பற்கள் அறுபட்டதை நாடாவாகச் சுருட்டி வெளியே தள்ளும். வாரிப் பல் வெட்டும் பல்லைவிட மயிரிழை குட்டையாக இருக்க வேண்டும். ஒரே மட்டமாக இருந்தால் அழகு என்று எண்ணி அரத்தால் சமன்படுத்தியவர் அந்த ரம்பத்தின் வேலையையே அழித்துவிடுகிறார். போதாததற்கு, அந்த ரம்பத்துக்கு எதிர்முனையில் இன்னொரு ஆள் வேண்டும். அவர் இழுக்கையில் இவர் தள்ளாமல் விட்டுக்கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சைவ சித்தாந்தம் குடத்தை வைத்து மூன்று காரணங்களைச் சொல்லும். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். கடவுளையும் உலகையும் பற்றிய பெரிய வாதத்துக்காக அமைந்த உவமை அது. இங்கே எனக்கு வேண்டியது ‘துணை’ என்ற ஒரு சொல்தான். துணை தனித்து நிற்காது. யாருக்கு, எதற்கு என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மண்ணும் குயவனும் அற்ற இடத்தில் திரிகை வெறும் வட்டப் பொருள். ஆகவே கோடாலியின் வெட்டும் வல்லமை எஃகில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி அதை அறிந்த கையில் இருக்கிறது. இந்த இரண்டு பாதிகளும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. எண்ணெய் தடவி உலர்ந்த இடத்தில் வைத்தால் எஃகு நூறு ஆண்டு தூங்கும். கைப்பழக்கம் அப்படித் தூங்காது. ஒரு தலைமுறை எடுத்துச் செய்யாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வந்து சேர்வதில்லை. தாவரவியலில் ‘விதை உறக்கம்’ என்றொரு சொல் உண்டு. ஆனாலும் விதைநெல்லைப் பத்தாயத்திலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும் என்பதை எந்த உழவரும் அறிவார். நெல் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். கருவியைக் காப்பது என்பதில் அதை அவ்வப்போது எழுப்புவதும் அடங்கும் என்று நான் வாதிடுவது இதனால்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. எழுப்புவது என்றால் தேய்ப்பது. ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் கொஞ்சம் எஃகு போகிறது, திரும்பி வராது. பழைய கோடாலிகளில் பல உடல் முழுவதும் மெல்லிரும்பு. வாயில் மட்டும் கடின எஃகுத் துண்டு ஒன்றைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். அந்த எஃகு தேய்ந்து முடிந்தால் கூர் நிற்காத இரும்பே மிச்சம். ஆக அதன் ஆயுள் எண்ணிவைத்த ஆயுள். எடுத்து வெட்டுபவர் அதைச் செலவழிக்கிறார். தவிர, கியூபெக்கின் ஹல் நகரில் செய்த வால்டர்ஸ் கோடாலி ஒன்று தாள் லேபிள்கூட உரியாமல் கிடைத்தால் அது ஒரு சான்று. வாய் எந்தக் கோணத்தில் தீட்டப்பட்டுக் கடைக்கு வந்தது, எவ்வளவு பளபளப்பு கொடுத்தார்கள், எப்படி விற்றார்கள் என்பதெல்லாம் அதில் எழுதாமல் எழுதியிருக்கிறது. ஒருநாள் விறகு பிளந்தால் அந்த எழுத்து அழிந்துவிடும். இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்ட கோடாலியை யாரும் வெட்டக் கொண்டுபோகக் கூடாது. ஆனால் ஒப்புக்கொண்டது எதை என்று பார்க்க வேண்டும். அந்தக் கோடாலி தொழில் மாறிவிட்டது. கருவியாக இருந்தது ஆவணம் ஆகிவிட்டது. ஆவணத்துக்கும் உயிர் உண்டு, அது வாசிக்கப்படுவதில் இருக்கிறது. அளந்து, படமெடுத்து, ஒப்பிட்டு, மற்றவர் அறியச் செய்பவரிடம் அது விழித்திருக்கிறது. பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருப்பவரிடம் அது ஆவணமாகவும் இல்லை, கருவியாகவும் இல்லை. மேலும், இந்த விலக்கு அரியவற்றுக்குத்தான் பொருந்தும். ஏராளமாகச் செய்யப்பட்டு இன்றும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் இழைப்புளிகளில் ஒன்றைத் தீட்டினால் வரலாறு எதையும் இழப்பதில்லை. அரியதன் நியாயத்தைச் சாதாரணத்துக்கும் விரிப்பதில்தான் சேகரிப்பாளர்கள் தவறுகிறார்கள். உளியில் கைபட்டு மழுங்கிய பிடியும் சான்றுதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். உழைப்பு எழுதிய சான்று அது.

அடுத்த மறுப்பு தத்துவத்தில் பழையது. காம்பு மாற்றினோம், எஃகு தேய்ந்தபின் கொல்லர் புது எஃகு வைத்து ஒட்டினார், பிறகு அது அதே கோடாலிதானா? மிலிந்த அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், சக்கரமா தேர், அச்சா தேர், ஏர்க்காலா தேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேர் என்பது வழக்குப் பெயரே என்று காட்டினார். நியாய மரபினர் உறுப்புகளுக்கு அப்பால் ‘அவயவி’ என்ற முழுமை உண்மையில் உண்டு என்றார்கள். கருவியைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் போகாமல் கனடாவின் வடக்கே போகலாம். அங்குள்ள கிரீ, இன்னு போன்ற முதற்குடிகள் பிர்ச் மரப்பட்டைப் படகின் விலாக்கட்டைகளையும் பனிக்காலணிச் சட்டங்களையும் செதுக்கிய வளைகத்தி, பல சமயம் தேய்ந்துபோன அரத்திலிருந்து அடித்தது. ஒரு கையால் பிடித்துத் தன் உடலை நோக்கி இழுத்துச் செதுக்கும் கத்தி அது. அரம் அரமாகச் செத்த இடத்தில் கத்தியாக எழுந்தது. இன்னும் துலக்கமான ஒன்று: 1853இல் பாங்க்ஸ் தீவின் மெர்சி விரிகுடாவில் பனியில் சிக்கி, பிரிட்டிஷ் மாலுமிகள் கைவிட்ட ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலைத் தேடி இனுவிட் மக்கள் பல பத்தாண்டுகள் தொலைவிலிருந்து பயணம் செய்து வந்தார்கள். அந்த இரும்பையும் செம்பையும் மரத்தையும் கொண்டுபோய்த் தங்களுக்கு வேண்டிய கருவிகளாக ஆக்கினார்கள். 2010இல் தொல்லியலாளர்கள் அந்தக் கப்பலைக் கடலடியில் கண்டுபிடித்தபோது அதன் ஒரு பகுதி ஏற்கெனவே ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தோல் கீறவும் எலும்பு செதுக்கவும் போயிருந்தது. இங்கே தொடர்ந்து வந்தது வடிவமோ பெயரோ உடைமையோ இல்லை. வேலை செய்யும் வல்லமைதான். நாகசேனர் சொன்னபடி ‘கோடாலி’ வழக்குப் பெயராகவே இருக்கட்டும். அந்தப் பெயரை நாம் வழங்குவது எதைப் பார்த்து என்றால், அது செய்யும் வேலையைப் பார்த்துத்தான். அந்த வேலை அறுபடாதவரை காம்பு எத்தனை முறை மாறினாலும் அதே கோடாலி என்று சொல்வதில் பிழையில்லை.

அப்படியானால் ‘கனடாவில் செய்தது’ என்ற முத்திரைக்கு என்ன மதிப்பு? வேலைதான் உயிர் என்றால் ஊர் எதற்கு? இந்தக் கேள்வி சேகரிப்பாளரின் பற்றைத் தொடுவதால் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கியூபெக்கின் ராக்ஸ்டன் பாண்ட் என்ற சிற்றூரில் இழைப்புளி செய்யும் தொழில் முன்பே வேரூன்றியிருந்தது. 1907இல் அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் அங்கிருந்த ஆலையை வாங்கியது. அதன்பின் அங்கே வார்த்த இரும்பு இழைப்புளிகளின் வடிவம் லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கருடையது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஆலை வைப்பது அமெரிக்க நிறுவனங்களுக்கு லாபமாக இருந்ததற்கு 1879இல் கனடியப் பிரதமர் ஜான் மெக்டொனால்டின் அரசு விதித்த இறக்குமதித் தீர்வையும் ஒரு காரணம். ஆகவே அந்த முத்திரையில் மண்ணின் ஆன்மா எதுவும் பொறிக்கப்படவில்லை. மாறாக மில்டன் ஊரில் பீட்டர் ராபர்ட்சன் 1908இல் உருவாக்கிய சதுரக்குழித் திருகாணியை எடுத்தால் கதை வேறு. ஹென்றி ஃபோர்டுக்கு உரிமம் தர அவர் மறுத்ததால் அது பெரும்பாலும் கனடாவுக்குள்ளேயே நின்றது. நின்ற இடத்தில் ஆழமாக ஊன்றியது. பச்சை, சிவப்பு, கறுப்பு என்று நிறத்தால் அளவு சொல்லும் அந்த ஸ்க்ரூ டிரைவர்கள் இன்றும் அந்நாட்டுத் தச்சர்களின் இடுப்புப் பையில் இருக்கின்றன. பழைய ராபர்ட்சன் டிரைவர் ஒன்று இன்றும் விழித்திருப்பதற்குக் காரணம் அது நன்றாகச் செய்யப்பட்டது என்பது மட்டுமில்லை. அதற்கு ஏற்ற குழியுள்ள திருகாணி இன்றும் அந்த ஊர்ச் சுவர்களில் இருக்கிறது. ஊரின் மதிப்பு இங்கேதான் எனக்குப் புரிகிறது. கருவி யாருக்குத் துணை, எதற்குத் துணை என்று கேட்டோமே, அந்த ‘யார்’, ‘எது’ இரண்டும் ஓர் ஊரில்தான் இருக்கும். முத்திரை பெருமைக்குரியதாக ஆவது அந்த உறவைச் சுட்டும்போது. வெறும் கொடி அடையாளமாகச் சுட்டும்போது அது வெற்றுப் பற்று.

கடைசி மறுப்புதான் எனக்கு மிகக் கனமானது. அந்த அகன்ற வாய்க் கோடாலி என்ன செய்தது? நெப்போலியன் பால்டிக் மரத்தை மறித்த பிறகு பிரிட்டன் கனடாவின் பக்கம் திரும்பியது. ஃபிலெமன் ரைட் 1806இல் ஒட்டாவா ஆற்றிலிருந்து கியூபெக் நகருக்கு முதல் மரத்தெப்பத்தை மிதக்கவிட்டார். அடுத்த சில தலைமுறைகளுக்குள் பெரும் பைன் காடுகள் போயின. சதுரம் செதுக்கும்போது உதிர்ந்த நல்ல மரம் காட்டிலேயே குவிந்து தீக்கு இரையாயிற்று. அந்த நிலம் எந்த உடன்படிக்கையிலும் விட்டுக்கொடுக்காத அல்கோன்குவின் மக்களுடையது. இப்படிப்பட்ட கருவியை எண்ணெய் பூசிப் போற்றலாமா? தமிழ் இலக்கணம் இங்கே ஓர் உதவி செய்கிறது. மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ உருபு கருவிக்கும் வரும், கருத்தாவுக்கும் வரும். கோடாலியால் வெட்டப்பட்டது என்கிறோம், மனிதரால் வெட்டப்பட்டது என்றும் சொல்கிறோம். உருபு ஒன்றானதால் பொறுப்பும் ஒன்று என்று மயங்கக் கூடாதென்றே உரைகாரர்கள் பிரித்தார்கள்: செய்பவன் இயற்றுதற் கருத்தா, செய்யச் சொன்னவன் ஏவுதற் கருத்தா, இரண்டுக்கும் அப்பால் கருவி. பனிக்காலம் முழுவதும் மரக்குடிலில் கிடந்து கூலிக்கு வெட்டியவர் இயற்றினார்; சந்தையும் கப்பற்படையும் மரவணிகர்களும் ஏவினார்கள். கோடாலியின்மேல் பழி போட்டு உருக்கிவிட்டால் ஏவியவர்கள் கணக்கிலிருந்து நழுவிப்போவார்கள். கோடாலியைப் போற்றி மட்டும் வைத்தாலும் அதே நழுவல்தான் நடக்கும். காடு யாருடையது, யார் ஏவினார் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அதைச் சுவரில் மாட்டுபவர் பாதிச் சான்றைத்தான் மாட்டுகிறார். மீண்டும் வெட்ட எடுப்பவருக்கு இந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை, ஏனென்றால் இப்போது இயற்றுதற் கருத்தா அவரே. எந்த மரத்தை, எதற்காக என்று அவர் தாமே முடிவு செய்தாக வேண்டும்.

அந்தக் காலத்தில் செதுக்கிய மரங்களை அடுக்கிக் கட்டிய வீடுகளும் தொழுவங்களும் கிழக்குக் கனடாவில் இன்னும் நிற்கின்றன. அவற்றில் முதலில் அழுகுவது தரையை ஒட்டிக் கிடக்கும் அடிக்கட்டை. அதை மாற்றும்போது ஆலையில் அறுத்த மரத்தை வைத்தால் மேலிருக்கும் கட்டைகளோடு அது சேராது. கோடாலித் தடங்கள் உள்ள மரமே வேண்டும். அதற்காக ஒருவர் நூலில் கரி தடவிக் கோடு போட்டு, பக்கவாட்டில் வளைந்த அந்தக் காம்பைப் பிடித்து, தட்டைப் பக்கம் மரத்தை ஒட்ட முதல் வெட்டை இறக்குகிறார்.