கீரைக்கு ஒரு மாசம், கதைக்கு எத்தனை மாசம்?

தம்பி தங்கைகளே, இந்த மாதம் ஒரு கேள்வியோடு வருகிறேன். ஒருவருக்கு இரண்டு காரியங்கள் மேல் ஆசை. ஒன்று சீக்கிரம் பலன் தருகிறது. இன்னொன்று இழுத்துக்கொண்டே போகிறது. வேலை, படிப்பு, வீடு எல்லாம் போக மிஞ்சும் நேரமோ கொஞ்சம்தான். அதை எதற்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்?

நம்ம சிங்கப்பூரில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2016-இல் ஹார்ட்பார்க்கில் வாடகைத் தோட்டப் பாத்திகளைத் தொடங்கியது. இப்போது பல பூங்காக்களில் உண்டு. ஒரு பாத்தி இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். மூன்று வருடம் வரை நம்மிடம் இருக்கும். கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய சொத்து. அதே பிள்ளை தங்கமுனை விருதுப் போட்டிக்கு ஒரு சிறுகதை எழுதவும் ஆசைப்படுகிறது என்று வையுங்கள். அங்கேதான் சிக்கல்.

கங்கோங்கும் முளைக்கீரையும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் கைக்கு வரும். வெண்டைக்காய் இரண்டு மாதத்தில் காய்க்கும். கீரை கொண்டுபோனால் அம்மா சந்தோஷப்படுவாங்க, பக்கத்துப் பாத்தி அங்கிள் "எப்படிப் போகுது?" என்று கேட்பார். கதையை யார் கேட்கிறார்கள்? மூன்றாம் பக்கத்தில் நின்றுபோன கதையைப் பற்றி விசாரிக்க ஆள் கிடையாது. அதனால் மனசு தன்னாலே தோட்டத்துப் பக்கம் சாய்கிறது. சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல முடியாது, வெயிலில் நின்று வேலைதானே செய்கிறோம்! ஆனால் ஒரு நல்ல வேலை இன்னொரு நல்ல வேலைக்குச் சாக்காகிவிடக் கூடும். கெட்ட பழக்கம் நம்மைத் தடுத்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். நல்ல பழக்கம் தடுத்தால் தெரிய வெகுநாள் ஆகும்.

அப்படியென்றால் பாத்தியை விட்டுவிடலாமா? அதுவும் சரியில்லை. குலுக்கலில் பெயர் வராமல் காத்திருப்பவர்கள் இருக்கும்போது நம் பாத்தியில் களை மண்டிக் கிடந்தால், அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். திருக்குறளில் உழவு அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். உரியவன் போய்ப் பார்க்காமல் இருந்தால் நிலம் மனைவியைப் போல ஊடிக்கொள்ளும் என்கிறார் வள்ளுவர். எடுத்துக்கொண்ட நிலத்துக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

கதைக்கும் அப்படி ஒரு உரிமை உண்டா? உண்டு என்றுதான் நினைக்கிறேன். பாத்தியை நான் திருப்பிக் கொடுத்தால் அடுத்தவர் வந்து அங்கே கீரை போடுவார். கீரை நிற்காது. ஆனால் என் தாத்தா தோட்டப் புறத்திலிருந்து இங்கே வந்த கதையை நான் எழுதாவிட்டால், அடுத்தவர் வந்து எழுதப் போவதில்லை. தோட்டம் காத்திருப்பவர்கள் பெயரால் நம்மைக் கேட்கிறது. கதையோ, நம்மைத் தவிர யாருமில்லை என்பதால் கேட்கிறது. இரண்டும் நியாயமான கேள்விதான். சத்தமில்லாமல் கேட்பதற்குக் காது கொடுக்க நாம்தான் கொஞ்சம் முயற்சி எடுக்கணும்.

இங்கே ஒரு விஷயம். "செடி மாதிரி கதையும் மெதுவா தானா வளரும்" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். கேட்க நல்லா இருக்கு. ஆனால் நாம் தூங்கும்போதும் செடி வளர்கிறது. நாம் எழுதாத இரவில் கதையில் ஒரு வரிகூடக் கூடுவதில்லை. மெதுவாக நடப்பது வேறு, நடக்காமலே இருப்பது வேறு.

மெதுவாக நடந்ததற்கு எழுத்தாளர் சுந்தர ராமசாமியைச் சொல்லலாம். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். அவருடைய முதல் நாவல் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் வந்தது. இரண்டாவது, 'ஜே.ஜே: சில குறிப்புகள்', 1981-இல். மூன்றாவது, 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்', 1998-இல். நடுவில் 15 வருடம், 17 வருடம். இடையில் சிறுகதை, கவிதை, கட்டுரை என்று எழுதிக்கொண்டும் இருந்தார். தாமதம் ஒரு குற்றம் இல்லை என்பதற்கு இது போதும்.

அப்படியானால் நம்முடைய தாமதம் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? தோட்டத்தில் பழகிய அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே "இன்னிக்கு எத்தனை காய்?" என்று தினமும் யாரும் கேட்பதில்லை. "தண்ணீர் ஊத்தியாச்சா?" என்றுதான் கேட்கிறோம். எழுத்துக்கும் அதே கேள்விதான்: இன்று உட்கார்ந்தேனா? கீதையின் இரண்டாம் அத்தியாயம் 47-ஆம் சுலோகத்தில், பலன் மேல் உரிமை இல்லை என்ற பகுதி நம் எல்லாருக்கும் தெரியும். அதே சுலோகம் முடியும் இடத்தில், செயலற்று இருப்பதிலும் பற்று வைக்காதே என்று இருக்கிறது. இதை நாம் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. பலனைப் பற்றிக் கவலைப்படாதே என்பதை, செய்யாமல் இருக்கக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நடைமுறைக்கு வருவோம். தண்ணீர் ஊற்றுவதை அண்ணனிடமோ பக்கத்துப் பாத்திக்காரரிடமோ ஒருநாள் ஒப்படைக்கலாம், எழுதுவதை ஒப்படைக்க முடியாது. ஆகவே மனம் தெளிவாக இருக்கும் நேரத்தை எழுத்துக்குக் கொடுங்கள், அரைமணி நேரமானாலும் சரி. கைகால் வேலை செய்தால் போதும் என்கிற மாலை நேரத்தைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, தண்ணீர் ஊற்றிய நாளையும் எழுத உட்கார்ந்த நாளையும் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். இரண்டாவது பத்தி காலியாக இருந்தால் காரணம் நேரமில்லை என்பதா, வேறு ஏதாவதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பதிலை யாரிடமும் சொல்ல வேண்டாம். மறுநாள் காலை உட்கார்ந்தால் போதும்.