ஆடுகளத்திற்கு வேலி தகுமா?

சேலம், நாமக்கல் சமவெளியில் அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும் நாட்களில் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி நடைபெறுவது வழக்கம். ஆத்தூர் முதல் சங்ககிரி வரையிலும், ராசிபுரம் முதல் பரமத்தி வரையிலும் சுவர்தோறும் அதற்கான விளம்பரத் தாள்கள் ஒட்டப்பட்டிருக்கக் காணலாம். பரிசுத் தொகையும் நுழைவுக் கட்டணமும் பெரிய எழுத்தில் இருக்கும். அவற்றின் கீழே சில தாள்களில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கும். வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை என்பது ஒரு வகை. அணிக்கு இருவர் மட்டும் என்பது மற்றொரு வகை.

இச்சிறு வரியைப் பற்றி எழும் சச்சரவுகள் சிறியவை அல்ல. பெரிய ஊரிலிருந்து கூலி பேசி அழைத்து வரப்பட்ட இரண்டு தேர்ந்த ஆட்டக்காரர்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் ஆண்டெல்லாம் பழகிய ஆட்டத்தை அரை மணி நேரத்தில் முடித்துப் பரிசைத் தூக்கிச் செல்கிறார்கள். திறமை வென்றது என்று கைதட்டுவோர் ஒருபுறம். எங்கள் பிள்ளைகளுக்கு ஆட இடமெங்கே என்று குமுறுவோர் மறுபுறம். இவ்விரு சாராரில் நியாயம் யாரிடம் இருக்கிறது? வலிமை மிக்க அயலாரைத் தடுத்து வேலி போடுவது நீதியா, அன்றிக் கோழைத்தனமா? இதனையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலில் வேலி கூடாது என்போரின் வாதத்தைச் செவிமடுப்போம். திறமைக்கு ஊர் பெயர் இல்லை என்பர் அவர்கள். ஓட்டப் பந்தயத்தில் விரைந்து ஓடியவனுக்கே பரிசு. அவன் எவ்வூரான் என்று கேட்பது பந்தயத்தையே பொய்யாக்கி விடும். மேலும், இச்சமவெளியின் வாழ்வே வெளியூரை நம்பியது. நாமக்கல் லாரிகள் இந்தியாவின் எந்த மாநிலச் சாலையில் ஓடவில்லை? திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் எந்த மாநிலத்து மண்ணைத் துளைக்கவில்லை? அங்கெல்லாம் அவ்வூரார், அயலானுக்கு இங்கே வேலை இல்லை என்று கதவடைத்திருந்தால் நம் ஊர் அடுப்புகளில் பாதி எரிந்திராது. நம் முன்னோர் கொழும்பிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் கடை வைத்துப் பிழைத்தபோதும் அவர்கள் அயலாரே. பிறர் வாசலில் நுழைந்து வாழ்ந்தவர்கள் தம் வாசலைச் சாத்துவது எவ்வகையில் தகும்? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

இனி, வேலி வேண்டும் என்போரின் வாதம். போட்டிகளில் இரு வகை உண்டு என்பது அவர்கள் கருத்து. மிகச் சிறந்தவன் யார் என்று காண்பதற்காக நடப்பது ஒன்று. வளர வேண்டியவர்களை வளர்ப்பதற்காக நடப்பது மற்றொன்று. ஐந்தாம் வகுப்புத் தேர்வை எழுதப் பத்தாம் வகுப்பு மாணவனை அனுமதித்தால் அவன் முதல் மதிப்பெண் பெறுவான். அதனால் யாருக்கு என்ன பயன்? அவன் புதிதாக ஒன்றும் கற்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோ தாம் அறிவற்றவர்கள் என்ற தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

இவ்வேறுபாடு புதியதன்று. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பந்தயத்திற்கெனப் பயிற்றி உடல் இறுகிய குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், அவ்வாறு பயிற்றப்படாத குதிரைகளை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் ஓடச் செய்ததாக புகாரீ நூலில் காண்கிறோம். முன்னது ஐந்தாறு மைல். பின்னது ஏறத்தாழ ஒரு மைல். இரு வகைக் குதிரைகளும் ஓடின. இரண்டிற்கும் தத்தம் எல்லை இருந்தது. தரம் பிரிப்பது அநீதி என்று அங்கே யாரும் கருதவில்லை.

நம் மாவட்டத்து எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991-இல் பிறந்த த. நடராஜன், எளிய உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளை. இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் தெருவிலும் மைதானத்திலும் ஆடியவர். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கிற்று. எட்டு அணிகள் கொண்ட அத்தொடரின் முதற்பருவத்தில் திண்டுக்கல் அணிக்காக அவர் பந்து வீசினார். இத்தொடர் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுக்கென அமைந்தது. பெயர்பெற்ற வெளிநாட்டு வீரர் எவரும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள வழியில்லாததால்தான் தொலைக்காட்சிக் கண்கள் அவர் மீது விழுந்தன. 2017-இல் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்காக ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்திலும் இடம் பெற்றார்.

2018-இல் அதே தமிழ்நாட்டுத் தொடரில் அணிக்கு இருவர் வீதம் வெளிமாநில வீரர்களைச் சேர்க்க மாநிலச் சங்கம் விரும்பியது. அப்போது இந்தியக் கிரிக்கெட் வாரியத்தை நிர்வகித்த, உச்சநீதிமன்றம் அமர்த்திய குழு அதற்கு இசையவில்லை. எட்டு அணிகளில் இருவர் வீதம் பதினாறு இடங்கள். பதினாறு இடங்கள் என்பது தாளில் ஓர் எண். ஓமலூரிலோ வாழப்பாடியிலோ பந்து வீசிப் பழகும் பையனுக்கு அது அவனுடைய ஒரே வாசலாக இருக்கலாம். ஐ.பி.எல். தொடரும் 2008 முதல், களமிறங்கும் பதினொருவரில் வெளிநாட்டார் நால்வருக்கு மேல் கூடாது என்ற விதியைக் கொண்டிருக்கிறது. எஞ்சிய ஏழு இடங்கள் அவ்விதியால் காக்கப்பட்டவை.

எனினும் இதே நடராஜனின் வாழ்க்கை மறுபக்கத்தையும் பேசுகிறது. சின்னப்பம்பட்டியில் ஆடிக்கொண்டே அவர் இந்நிலையை அடைந்து விடவில்லை. முதலில் சென்னைக்குச் சென்று அந்நகரத்து நான்காம் பிரிவு லீக்கில் ஆடினார்; படிப்படியாக உயர்ந்து 2015-இல் ரஞ்சி அணியில் இடம் பெற்றார். சென்னைக் கழகங்கள், நகரத்துப் பிள்ளைகளுக்கே இடம் என்று வேலி போட்டிருந்தால் சேலத்துப் பிள்ளை எங்கே நின்றிருப்பார்? ஒரு வேலி அவரைக் காத்தது. மற்றொரு வேலி இல்லாமை அவரை வளர்த்தது. இரண்டும் உண்மை. ஆகவே வேலி நல்லதா தீயதா என்று பொதுவில் கேட்பது பயன் தராது. எந்த இடத்தில், எவருக்காக, எத்தனை காலத்திற்கு என்றே கேட்க வேண்டும்.

இதே வினா இன்று கணினித் திரையிலும் எழுந்துள்ளது. மின்விளையாட்டு எனப்படும் ஈ-ஸ்போர்ட்ஸ் நம் இல்லங்களில் பிள்ளைகளின் பேச்சில் அடிபடும் சொல்லாகி விட்டது. 2022 டிசம்பரில் இந்திய அரசு இதனைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஓர் அங்கமாக ஏற்றது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டை அதனின்றும் தனியே பிரித்து அங்கீகரித்தது. சூதையும் ஆட்டத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் பெற்றோர் இவ்வேறுபாட்டை அறிந்து கொள்வது நலம்.

ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற ஆட்டத்தில் தென்கொரிய இளைஞர்கள் நிகரற்றவர்களாக விளங்கினர். 2013-இல் அதன் உலகத் தொடர் கொரியா, அமெரிக்கா, ஐரோப்பா என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது; ஆயினும் யாரும் எம்மண்டலத்திலும் ஆடலாம் என்று வாசல் திறந்தே இருந்தது. விளைவு என்ன? அவ்வாண்டு அமெரிக்க மண்டலத்தின் மூன்று பட்டங்களையும் ஐரோப்பிய மண்டலத்தின் மூன்று பட்டங்களையும் கொரியரே வென்றனர். மண்டலம் என்ற பெயர் மட்டுமே மிஞ்சியது. 2015-இல் அந்தந்த மண்டலத்தில் முறையாகக் குடியிருப்போரே ஆடலாம் என்று விதி வந்தது. 2016-இல் கொரியாவும் பிற நாடுகளும் தனித்தனித் தொடர்களாகப் பிரிக்கப்பட்டன. ஆண்டு முடிவில் நடைபெறும் இறுதிப் போட்டியில் மட்டும் இரு சாராரும் மோதினர். 2018-இல் செரல் என்ற பெயரில் ஆடும் பின்லாந்து இளைஞர் அவ்விறுதிப் போட்டியில் கொரியரை வென்றார். கொரியரல்லாத ஒருவர் அப்பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. வேலி ஒன்றே அவரை உருவாக்கியது என்று நாம் கூறவில்லை. ஆனால் இளம் பருவத்தில் ஆடுவதற்கு மேடையும் வாழ்வதற்கு வருவாயும் அவருக்குக் கிட்டின என்பதில் ஐயமில்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. அயல்நாட்டுப் பரிசுகளை நம்பியிருந்த இரண்டாம் நிலைக் கொரிய ஆட்டக்காரர்களுக்கு அவ்வாசல் அடைபட்டது. 2016-இலேயே கொரியாவின் அணிப் போட்டித் தொடரும் நிறுத்தப்பட்டது. வெளியே நிறுத்தப்பட்டவனும் ஒரு தாயின் பிள்ளை. அவனும் உழைத்தே திறமை பெற்றான். வேலி போடுவோர் இந்தக் கணக்கையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

வாசலைத் திறந்து வைத்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுண்டு. 2014-இல் தொடங்கிய புரோ கபடித் தொடர் அயல்நாட்டாரை வரவேற்றது. ஈரானின் ஃபாஸல் அத்ராச்சலி இங்கு பல ஆண்டுகள் ஆடி, பிடியாட்டத்தில் பெரும்பெயர் பெற்றார். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் ஈரானின் ஆடவர் அணி இந்தியாவை வென்றது. 1990 முதல் தொடர்ந்து தங்கம் பெற்று வந்த இந்தியா அன்று முதன்முறையாக அதனை இழந்தது. மகளிர் இறுதியாட்டத்திலும் ஈரானே வென்றது. அந்த அணியைப் பயிற்றியவர் ஓர் இந்தியப் பெண்மணி. நம் கலையைக் கற்றுக்கொடுத்து நாமே தோற்றோம் என்று சிலர் புலம்பினர். நாம் அவ்வாறு கருதவில்லை. எதிரி இல்லாத வெற்றியில் சுவை என்ன இருக்கிறது? 2023-இல் ஹாங்ஜோவில் இந்தியா தங்கத்தை மீட்டபோது அதற்கு முன்னில்லாத மதிப்பு இருந்தது. முதிர்ந்தோர் ஆடும் மேடையில் வாசல் திறந்திருப்பது நன்மையே என்பதை இது காட்டுகிறது.

அவ்வாறாயின் எங்கே வேலி, எங்கே வாசல் என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். அரபியில் ஹிமா என்றொரு சொல் உண்டு. காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் என்பது பொருள். பழங்காலத்தில் வலிமை பெற்ற தலைவன் நல்ல புல்வெளியைத் தன் மந்தைக்கென வளைத்துக்கொள்வான். இஸ்லாம் அவ்வழக்கத்தை ஒழித்து, பொது நலனுக்கான நிலத்தை மட்டுமே காக்க அனுமதித்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அத்தகைய நிலமொன்றிற்குத் தம் பணியாளர் ஹுனய் என்பாரைக் காவலராக அமர்த்தியபோது கூறிய அறிவுரை புகாரீ நூலில் உள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் வைத்திருக்கும் எளியவனை உள்ளே விடுமாறு கூறினார்கள். செல்வமிக்க பெருந்தோழர்கள் இருவரின் பெயரைச் சொல்லி, அவர்களின் மந்தைகளுக்கு இடமளிக்க வேண்டாம் என்றார்கள். அவர்களின் கால்நடை மடிந்தாலும் பேரீச்சந்தோட்டமும் விளைநிலமும் உண்டு. எளியவனின் கால்நடை மடிந்தால் அவன் பிள்ளைகளுடன் வந்து நிற்பான் என்பது அவர்கள் காட்டிய காரணம்.

இதில் நம் வினாவிற்கு விடை இருக்கிறது. ஒரே வேலிதான், தலைவனின் மந்தைக்காகப் போட்டால் அது அபகரிப்பு, எளியவனின் ஆட்டுக்காகப் போட்டால் அது நீதி. வேறு புல்வெளி உள்ளவனைத் தடுப்பதும், வேறு வழியற்றவனைத் தடுப்பதும் ஒன்றாகா.

இவ்வளவுகோலைக் கொண்டு மூன்று நிபந்தனைகளைக் கூற விழைகிறோம்.

முதலாவது, வேலி கற்போருக்காக இருக்க வேண்டும். ஊர்ப் பெரிய மனிதரின் அணி எளிதில் வெல்ல வேண்டும் என்பதற்காகவோ, பழைய ஆட்டக்காரர்கள் உழைக்காமல் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவோ போடப்படும் வேலி, தலைவன் வளைத்த புல்வெளிக்கு ஒப்பானது.

இரண்டாவது, உள்ளூரான் யார் என்பதை வாழ்விடத்தாலும் பயிற்சி நிலையாலும் முடிவு செய்ய வேண்டும். குலத்தாலும் மொழியாலும் மதத்தாலும் முடிவு செய்யலாகாது. இன்று நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும் சேலத்துத் தொழிற்கூடங்களிலும் பீகார், ஒடிசா மாநிலத்து மக்கள் குடும்பத்துடன் உழைக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் பயில்கிறார்கள். அப்பிள்ளைகளில் ஒருவன் ஊர்க் கபடியில் பாடிச் செல்ல வந்தால், வெளியூரான் என்று அவனை நிறுத்துவோமா? நிறுத்தினால், நம் வேலி எளியவனைக் காப்பதற்கென்று சொன்னதெல்லாம் பொய்யாகி விடும். அவன் நம் ஊர்ப் பிள்ளை. இந்த ஒரு பிள்ளையிடம் நாம் நடந்துகொள்ளும் முறையே நம் விதியின் தூய்மைக்கு உரைகல்.

மூன்றாவது, வேலியில் வாசல் இருக்க வேண்டும். ஆண்டிற்கு ஒரு போட்டியேனும் யாவர்க்கும் திறந்ததாக இருத்தல் நலம். தோல்வி எப்படியிருக்கும், உயர்ந்த ஆட்டம் எப்படியிருக்கும் என்பதை நம் பிள்ளைகள் காண வேண்டும். அணிக்கு இருவர் என்னும் விதி இவ்வகையில் சிறந்தது: வந்தவரிடம் கற்கலாம், இடத்தையும் இழக்க வேண்டியதில்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி ஆட்டத்தின் அமைப்பாளர்களும் 2014-இல் ஐவர் கொண்ட அணியில் வெளிமண்டலத்தார் இருவருக்கு மேல் ஆகாது என்றே விதித்தனர். எவ்விதியாயினும் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். அழைத்துவிட்டு, அவன் வெல்லத் தொடங்கிய பின் அட்டையைக் கேட்பது விருந்தினனை இலையிலிருந்து எழுப்புவதற்குச் சமம்.

வளரும் பருவத்தில் நாற்றுக்கு வேலி தேவை. ஆடு மேயாமல் காக்க அஃதன்றி வழியில்லை. மரமான பின்னும் வேலியை அகற்றாவிட்டால் அதன் நிழலில் யாரும் அமர முடியாது. அடுத்த போட்டிக்கான தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன், அந்தச் சிறு வரி யாரைக் காக்கிறது, யாரைத் தடுக்கிறது என்று நம் ஊர்க் குழுவினர் ஒரு முறை அமர்ந்து பேசிக்கொள்வார்களாயின், பரிசை எந்த ஊர் வென்றாலும் நீதி தோற்காது.