கல்லிலிருந்து எடுக்கும் நேரம்

கொங்குப் பகுதிப் பரோட்டாக் கடைகளில் ‘கலக்கி’ என்று ஒன்று கிடைக்கும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் மாலையில் வாசலில் கல் போடும் கடைகளில் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. முட்டையை டம்ளரில் உடைத்து, உப்பும் மிளகும் போட்டு, வழக்கமுள்ள கடைகளில் ஒரு கரண்டி சால்னாவும் விட்டு, நாலு அடி அடித்துக் காய்ந்த கல்லில் கவிழ்ப்பார்கள். ஓரம் பிடித்ததும் சுற்றிலும் உள்ளே மடித்துவிடுவார்கள். நடுவில் இன்னும் தளதளவென்று இருக்கும்போதே அது தட்டுக்கு வந்துவிடும். ஆம்லெட், பொடிமாஸ் என்று கேட்டால் முடிவில் தட்டில் என்ன இருக்கும் என்பது பெயரிலேயே தெரிகிறது. கலக்கியின் பெயரில் செய்கை மட்டும்தான் இருக்கிறது, எங்கே முடியும் என்ற தகவல் இல்லை. (நம் கடைகளின் முட்டைப் பெயர்களை நம்பவும் முடியாது. தண்ணீரையே பார்க்காத முட்டைக்குத்தான் ‘ஹாஃப் பாயில்’ என்று பெயர்.) கலக்கியின் ருசி முழுக்க அந்தச் சொல்லப்படாத முடிவில் இருக்கிறது. அரை நிமிடம் முன்னால் எடுத்தால் அது முட்டைக் கரைசல். அரை நிமிடம் கழித்து எடுத்தால் சுருட்டிய ஆம்லெட். எப்போது கையை எடுப்பது என்ற கேள்வி அடுப்படியோடு நின்றுவிடுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அடுப்பில்தான் அதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம்.

வெளியில் போட்ட கல் சொன்ன பேச்சைக் கேட்காது. வீட்டில் மெல்லிய வாணலியில் தீயைக் குறைத்தால் சற்று நேரத்தில் சூடு இறங்கிவிடும். பரோட்டாக் கல் கனத்த இரும்புப் பலகை. எடை 20 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அது 180 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்கு இறங்க ஏறத்தாழ 700 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். இரண்டு முட்டைகளைக் கெட்டியாக்க 15 கிலோஜூல் போதும். அதாவது அடுப்பை அணைத்த பிறகும், இன்னும் பல தட்டு முட்டைகளுக்கான சூடு அந்த இரும்புக்குள் தேங்கி நிற்கிறது. போதாததற்குத் தெருக்காற்று தீயை ஒரு பக்கம் சாய்க்கும். நடுவில் ஒரு சூடு, மூலையில் ஒரு சூடு. வாணலிக்குச் சுவர் உண்டு. கல்லுக்கு இல்லாததால் ஊற்றிய முட்டை மெல்லிய படலமாக ஓடுகிறது, மெல்லிய படலம் நொடியில் வேகிறது. கேஸ் திருகைத் திருப்பிப் பயனில்லை. ஓரத்துக்குத் தள்ளலாம்; அதுவும் பாதி எடுத்த மாதிரிதான். மாஸ்டரின் கையில் மிஞ்சுகிற ஒரே அதிகாரம், எப்போது எடுப்பது என்பது மட்டும்.

தொடங்குவதற்குச் சோதனை உண்டு. கல்லில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று அடங்க வேண்டும். முத்துமுத்தாக உருண்டு ஓடினால் கல் மிஞ்சிக் காய்ந்துவிட்டது. துளிக்கு அடியில் நீராவி மெத்தை போல நின்று அதைத் தாங்குவதால் வரும் ஓட்டம் அது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756-இல் விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. ஆனால் நிறுத்துவதற்கு இப்படிக் கைக்கு அடக்கமான சோதனை ஒன்றும் இல்லை. நம் வாழ்க்கையும் ஏறக்குறைய இப்படித்தான் அமைந்திருக்கிறது. நாள்காட்டியில் நல்ல நேரம் பார்ப்பது தொடங்குவதற்கு. பிள்ளையார் சுழி தொடங்குவதற்கு. கால்கோள், பூஜை, திறப்பு விழா எல்லாம் தொடங்குவதற்கு. முடிப்பதற்கென்று சடங்கு வைத்திருக்கும் இடங்கள் குறைவு; கச்சேரியில் பாடும் மங்களத்தை அப்படிப்பட்ட அரிய ஏற்பாடுகளில் ஒன்றாகச் சொல்லலாம். மற்ற இடங்களில் எல்லாம் நிறுத்துவது தானாக நடக்கும் என்று விட்டுவிடுகிறோம்.

முட்டைக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் இருக்கும் புரதங்கள் சுருண்ட நூல்கண்டுகளாக அந்தத் தண்ணீரில் மிதக்கின்றன. சூடு ஏறும்போது கண்டுகள் பிரிந்து, ஒன்றையொன்று பிடித்து வலையாகின்றன. தண்ணீர் அந்த வலைக்குள் சிக்கி நிற்பதைத்தான் நாம் ‘வெந்தது’ என்கிறோம். எல்லாப் புரதமும் ஒரே நேரத்தில் வலையாவதில்லை. வெள்ளைக்கருவின் ஓவோட்ரான்ஸ்ஃபெரின் 60 டிகிரியைத் தாண்டியதுமே இறுகத் தொடங்குகிறது. மஞ்சள் கரு 65 டிகிரியில் தடித்து 70 வாக்கில் நிலைகொள்கிறது. வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் 80 டிகிரி வரை பொறுத்திருக்கிறது. அதற்கு மேல் சூடு தொடர்ந்தால் வலை இறுகிக்கொண்டே போய், தான் பிடித்து வைத்திருந்த தண்ணீரையே பிழிந்து வெளியே தள்ளும். தட்டில் ஒருபுறம் ரப்பர் போன்ற கட்டியும் மறுபுறம் தண்ணீருமாகப் பிரிந்து கிடக்கும் முட்டை அப்படி வந்தது. நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றை. முட்டையைக் கெட்டியாக்கிய அதே வேலை, நிற்காமல் தொடர்ந்ததால், முட்டையைக் கெடுத்தது. புதிதாக ஒரு தவறும் நடக்கவில்லை. சரியான காரியமே நீண்டுவிட்டது.

கையை எடுக்க வேண்டிய அந்த நிலைக்குச் சமையலில் பதம் என்று பெயர். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பாகுக்கு நம் பெண்கள் பெயர் வைத்தபோது, அவற்றை வழியில் கடந்து போகும் ஊர்களாகவே பார்த்தார்கள். அதிரசப் பாகு ஒரு கணம் தாண்டினால் அதிரசம் கல்லாகும். பக்குவம் என்ற சொல்லும் அடுப்படியிலிருந்து மனிதருக்குப் போனதுதான். ஆனால் போகிற வழியில் அதன் பாதிப் பொருளைத் தொலைத்துவிட்டது. ஒருவரைப் பக்குவப்பட்டவர் என்னும்போது, மேலே மேலே ஏறிச் சேர்ந்த உச்சியாக அதை நினைக்கிறோம். ஏறியவர் இனி அங்கேயே இருப்பார். அடுப்பில் பக்குவம் என்பது வந்து, சில நொடி இருந்து, கடந்து போய்விடும் ஒன்று. என் வாதம் இவ்வளவுதான்: தீ நம் கையில் இல்லாத காரியங்களில் நம்முடைய திறமை கையை எடுக்கும் நேரத்தில் இருக்கிறது, அந்த நேரம் நாம் நினைப்பதைவிட முன்னதாகவே வருகிறது. முன்னதாக என்பதற்குக் காரணம், எடுத்த பிறகும் வேகிறது. உள்ளே தேங்கிய சூடு தட்டிலும் தன் வேலையைச் செய்யும். கல்லில் சரியாக இருந்த முட்டை, மேசைக்கு வரும்போது மிஞ்சியிருக்கும்.

முதல் மறுப்பு சமையல் தெரிந்தவர்களிடமிருந்தே வரும். இவ்வளவு முரட்டுக் கல்லில் முட்டையை ஏன் போட வேண்டும்? பிரெஞ்சுச் சமையலில் கொதிநீருக்கு மேல் பாத்திரத்தை வைத்து, வெண்ணெயோடு, நிதானமாகக் கிளறி எடுக்கிறார்களே? நியாயமான கேள்வி. மெல்லிய தீயில் கட்டிகள் சிறுத்துக் கூழ் போன்ற மென்மை வரும். கல்லில் அது வராது. ஆனால் மெல்லிய தீ, நிறுத்த வேண்டிய அவசியத்தை நீக்குவதில்லை. முடிவெடுக்கக் கிடைக்கும் சில நொடிகளைச் சில நிமிடங்களாக நீட்டித் தருகிறது, அவ்வளவுதான். அந்த நிமிடங்களைத் தூங்கிக் கழித்தால் அங்கேயும் முட்டை தண்ணீர் விடும். மேலும், தீயைத் தேர்ந்தெடுக்கும் வசதி எல்லோருக்கும் எப்போதும் கிடைப்பதில்லை. பிழைப்பு, நோய், பிள்ளையின் பதின்பருவம், கூட்டுக் குடும்பத்துச் சண்டை, இவையெல்லாம் காற்றுக்கு ஆடும் தெருக்கல் மாதிரி. சிம்மில் வைத்து வாழ்கிறவர்களின் அறிவுரை அங்கே உதவாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. முடியும் முன்னே நிறுத்தச் சொல்வது, அரைகுறையை நியாயப்படுத்துவதாகாதா? நம் ஊரில் அரைகுறை என்பது வசைச்சொல். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பாதியில் விட்ட சுவரும் பாதியில் விட்ட தையலும் தானாக வளரப்போவதில்லை. எனவே என் வாதத்துக்கு ஓர் எல்லை போட்டாக வேண்டும். கை விலகிய பிறகும் தானே தொடரும் காரியங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். சோறு வடிக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். பருக்கையை நசுக்கிப் பார்த்து, நடுவில் ஓர் ஊசிமுனை அளவுக்கு அழுத்தம் இருக்கும்போதே கஞ்சியை வடிப்பார்கள். மீதி வேக்காட்டைப் பானைக்குள் அடைபட்ட ஆவி பார்த்துக்கொள்ளும். அதை அரைகுறை என்று எவரும் சொன்னதில்லை. பிரியாணிக்குத் தம் போடுவதும் இந்தக் கணக்கில்தான். அரைகுறை, மீதிக்கு ஆளில்லாமல் விட்டுப் போவது. பதத்தில் எடுப்பவர் மீதியை யார் செய்வார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு விடுகிறார்.

அதோடு, முன்னதாக நிறுத்துவது, பின்னதாக நிறுத்துவது என்ற இரண்டு தவறுகளும் ஒரே எடை உள்ளவையும் அல்ல. வேகாத கலக்கியைத் திருப்பிக் கொடுத்தால் மாஸ்டர் மறுபடி கல்லில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டித் தந்துவிடுவார். மிஞ்சி வெந்ததை எந்த மாஸ்டரும் மீட்க முடியாது. வெந்த முட்டையை வேகாததாக்க வழியே இல்லையா என்றால், ஒரு வழி உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக விஞ்ஞானிகளும் ஆஸ்திரேலியக் கூட்டாளிகளும் 2015-இல், வேகவைத்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் கருவியில் விட்டு, லைசோசைம் என்ற ஒரு புரதத்தைப் பழைய வடிவுக்கு மடித்துக் காட்டினார்கள். அந்த ஆண்டின் இக் நோபல் பரிசும் கிடைத்தது. கெட்டுப்போன ஒரு முட்டையில் ஒரே ஒரு புரதத்தைத் திருப்ப ஆய்வுக்கூடமும் கருவியும் ரசாயனமும் தேவைப்பட்டன. திரும்பி வந்ததையும் சாப்பிட முடியாது. முன்னதாக நிறுத்திய தவறுக்கு மருந்து இன்னும் அரை நிமிடம். பின்னதாக நிறுத்திய தவறுக்கு மருந்து இதுதான். சந்தேகம் வரும்போது எந்தப் பக்கம் சாய்வது என்று கேட்டால், நான் இந்தக் கணக்கை வைத்துத்தான் பதில் சொல்வேன்.

இங்கே உடல்நலக்காரர்கள் குறுக்கிடுவார்கள், குறுக்கிடவும் வேண்டும். முட்டைக்குள் சால்மோனெல்லா இருக்கலாம். முட்டை சேர்ந்த உணவுகளை 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்படி அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. தளதளக்கும் கலக்கியின் நடுப்பகுதி அதைத் தொட்டிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் கலக்கியை விட்டுவிட்டுப் பொடிமாஸுக்குப் போவதே சரி. ஆனால் பொடிமாஸுக்கும் பதம் இருக்கிறது. உதிர்ந்து, ஈரம் சுண்டி, வெங்காயத்தோடு சேர்ந்து வரும் ஒரு கட்டம் உண்டு. அதைத் தாண்டினால் பொடி பொடியான ரப்பர். 71-க்கும் தண்ணீர் பிழியும் நிலைக்கும் இடையே இடம் கொஞ்சம்தான், ஆனாலும் இருக்கிறது. நன்றாக வெந்ததுதான் பிடிக்கும் என்கிறவரின் ருசியை நான் மறுக்கவில்லை. அவருடைய நிறுத்தம் இரண்டு ஊர் தள்ளி இருக்கிறது; நிறுத்தமே இல்லாத பயணம் அவருடையதும் அல்ல.

கை எடுத்த பிறகும் வேகும் காரியங்கள் மனிதருக்குள் ஏராளம். பிள்ளையைக் கண்டிப்பது அப்படி. தவறு இன்னது என்று ஒருமுறை சொன்னதும் அது உள்ளே போய்விடுகிறது. முகத்தில் தெரிவதற்கு நேரமாகும். முகத்தில் தெரியவில்லையே என்று பெற்றவர் இன்னும் பத்து நிமிடம் பேசுவார். முதல் வாக்கியம் வலையாகி நின்றதை அடுத்த பத்து நிமிடம் பிழிந்தெடுத்துவிடும். பிறகு மிஞ்சுவது தவறைப் பற்றிய உணர்வல்ல, அப்பாவைப் பற்றிய உணர்வு. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் ஆறுதல் சொல்வதும் அப்படித்தான். சண்டையில் ஜெயித்த பிறகும் தொடரும் வாதம் இன்னும் மோசம். எதிராளி ஒப்புக்கொள்ளத் தயாராகிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் நாம் கூடுதலாக ஒரு காரணத்தைச் சொல்லித் தொலைக்கிறோம். எழுதுகிறவர்களுக்கும் இதே கதி. திருத்தத் திருத்தச் செம்மையாகிவந்த பக்கம், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் கொஞ்சம் ஈரத்தை விட்டுக்கொடுக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை முழுதாக என்னால் தீர்க்க முடியவில்லை. மாஸ்டருக்கு அந்த நொடி எப்படித் தெரிகிறது? முட்டையின் மேல் ஈரப் பளபளப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். இரைச்சல் ஈரமாக இருக்கிறதா, பொரிகிற சத்தமாக மாறுகிறதா என்று கேட்கிறார். பளபளப்பு போய்விட்டால் நேரமும் போய்விட்டது. ஆனால் இதைக் கற்க அவர் எத்தனையோ முட்டைகளைத் தீய்த்திருப்பார். நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக முட்டை வரும் ஊரில் அது தாங்கக்கூடிய செலவு. பெற்றோருக்குக் கிடைப்பது ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை. கணவன் மனைவிக்குக் கிடைப்பது ஒருவரையொருவர். வீட்டுக்கு வீடு முதல் தோசை சரியாக வராது என்று தெரிந்தே ஊற்றுகிறோம். மனிதர்கள் விஷயத்தில் பல நேரம் அந்த முதல் தோசையோடு மாவு தீர்ந்துவிடுகிறது. பழகித் தேர்வதற்கு எண்ணிக்கை போதாத இடத்தில் கண்ணையும் காதையும் நம்பச் சொல்வது நேர்மையாகாது. அங்கே நான் சொல்லக்கூடியது, முன்னே சொன்ன கணக்கு ஒன்றைத்தான்: வேகாததை மறுபடி கல்லில் போடலாம்.

மாஸ்டர்களும் அந்தக் கணக்கின்படிதான் நடக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுடைய கைப்பழக்கத்துக்குப் பின்னால் வேறென்ன இருக்க முடியும்? சட்டென்று தோசைத்திருப்பி அடியில் நுழைகிறது, இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் முட்டை தட்டில் விழுகிறது, தட்டு கிளம்புகிறது. கல்லுக்கும் மேசைக்கும் நடுவே யாரும் அதைத் தொடுவதில்லை.