அழுக்கை நீக்கும் அழுக்கு

முகச்சவரத்துக்கு நுரை குழைப்பது போன்ற ஓர் அற்பக் காரியத்தைச் சமய விசாரணைக்குள் கொண்டுவருவது தகுமா என்று கேட்பவர்கள், நம்முடைய ஆசாரியர்கள் எத்தகைய காரியங்களிலிருந்து தங்கள் உவமைகளை எடுத்தார்கள் என்பதைச் சற்றே நினைத்துப் பார்த்தல் நலம். அவர்களுள் ஒருவரான அருணந்தி சிவாசாரியர், 13ஆம் நூற்றாண்டில் தாம் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில், இரண்டாஞ் சூத்திரத்தின் கீழ், ஒரு கடினமான ஆட்சேபத்தைத் தாமே எழுப்பிக்கொண்டு தாமே சமாதானமும் கூறுகிறார். உடம்பும் கரணங்களும் மாயையிலிருந்து தோன்றியவை. மாயையும் ஒரு மலம். அவ்வாறிருக்க, ஆணவமென்னும் மலத்தைப் போக்குதற்பொருட்டு இறைவன் உயிருக்கு இன்னொரு மலத்தைக் கூட்டினான் என்பது எவ்வாறு பொருந்தும்? அழுக்கின்மேல் அழுக்கைப் பூசினால் அது இரட்டிக்குமேயன்றிக் குறையுமோ? ஆடை வெளுப்பவன் அழுக்கேறிய துணியிற் சாணியையும் உவர்மண்ணையும் சேர்த்து, பின்னர் அவ்விரண்டையும் பழைய அழுக்கையும் ஒருங்கே கழித்துவிடுகிறான் அல்லவா, இறைவனும் மாயையைக் கொண்டு அவ்வாறே செய்கிறான் என்பது அவர் தரும் விடை.

வெள்ளவத்தையின் மாடி வீடுகளில் வாழும் நமக்குச் சாணியும் உவர்மண்ணும் கண்ணிற் படுவதில்லை. ஆனால் காலையில் கண்ணாடியின் முன்னே நின்று, சற்றுப் பொழுதில் முழுவதும் வழித்தெறியப்படப் போகும் ஒன்றைச் சிரத்தையோடு ஆக்கி முகத்திற் பூசிக்கொள்ளும் ஒவ்வொருவனும், அருணந்தியார் கூறிய அந்தக் காரியத்தையே தன் கையாற் செய்கிறான். எறியப்படப் போவதற்கு இவ்வளவு சிரத்தை எதற்கு என்னும் வினா, நுரையை மட்டுமன்றி இந்தத் தேகத்தையும் நோக்கிக் கேட்கத்தக்கது.

நுரையிலே முதலில் அறியவேண்டியது நீரின் குணம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடாக ஊறி வருவதனால், அதிற் கரைந்திருக்கும் கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தின் கொழுப்பமிலங்களைப் பற்றிக்கொண்டு, நுரையாக எழவேண்டியதை வெண்கசடாகத் திரித்துவிடுகின்றன. கொழும்பு நகருக்கு வருவதோ லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் களனி ஆற்றிலும் சேரும் மழைநீர். அதன் மென்மையினால், ஊரிலே எவ்வளவு தேய்த்தும் எழாத நுரை இங்கே இரண்டு சுழற்சியில் எழுந்துவிடுகிறது. தூரிகையை வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, சொட்டாத அளவுக்கு உதறி, சவர்க்காரத்தின்மேல் அரை நிமிடம் சுழற்றினால், முதலில் மயிர்நுனிகளிற் பசையாகவே ஒட்டிக்கொள்ளும். அவசரக்காரன் இந்த இடத்திலே நீரைக் கொட்டிவிடுகிறான். பெரிய குமிழிகள் பொங்கிக் கிண்ணம் நிறைந்ததும் வேலை முடிந்ததென்று மகிழ்கிறான். கத்தியைக் கையில் எடுப்பதற்குள் அவை உடைந்து தோல் வெறுமையாகிவிடுகிறது. நீர் போதாவிட்டால் ஓரங்கள் காய்ந்து வெளுத்துக் கத்தி தட்டுகிறது. பக்குவம் அறிந்தவன் சில துளிகளைச் சேர்ப்பான். அவை முழுவதும் உள்ளே இழுக்கப்படும்வரை குழைப்பான். பின்னும் சில துளிகளைச் சேர்ப்பான். இவ்வாறு கண்ணுக்குக் குமிழி புலப்படாமல், மினுமினுப்போடு, கெட்டித் தயிரின் பதத்திலே அது நிற்கும்போது கையை நிறுத்துவான். தேங்காயெண்ணெய் மிகுந்த சவர்க்காரம் விரைவிற் பொங்கி விரைவில் அடங்கும். ஸ்டீரிக் அமிலத்தைப் பொட்டாசியக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சியது நின்று தாங்கும்.

இவ்வாறு நீரைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் குழைக்கும் கையைப் புத்தர் பெருமானும் உற்று நோக்கியிருக்கிறார். தீக நிகாயத்துச் சாமஞ்ஞபல சூத்திரத்தில், அஜாதசத்துரு மன்னனுக்குத் துறவின் பயனை எடுத்துரைக்கும்போது, முதலாம் தியானத்தை எய்தியவனுடைய தேகமெங்கும் ஆனந்தம் பரவி நிற்கும் நிலையை விளக்குவதற்கு, வெண்கலத் தட்டில் நீராட்டுப் பொடியைக் கொட்டி, நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, உள்ளும் புறமும் ஈரம் ஊடுருவியும் ஒரு துளியேனும் கசியாத உருண்டையாக்கும் நீராட்டுவோனை அவர் உவமை காட்டினார். அரசனின் முன்னே அரண்மனைச் செல்வங்களுள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல், அரசனைக் குளிப்பாட்டுகிறவனுடைய கைத்திறனை அவர் எடுத்துக்கொண்டது என் நெஞ்சைத் தொடும் செய்தி.

வெளித்தோற்றத்திலே இவ்வளவு கருத்தைச் செலுத்துவது வீண் என்பவர்கள் திருக்குறளைத் துணைக்கு அழைப்பதுண்டு. உலகம் பழிக்கும் ஒழுக்கத்தை விட்டவனுக்கு முடியை மழித்தலும் வேண்டாம், நீட்டலும் வேண்டாம் என்று வள்ளுவர் கூறியது மெய்யே; அது கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், தவவேடத்தை மறைவிடமாகக் கொண்டவர்களை நோக்கிக் கூறியது. நீராடித் திருநீறணிந்து கடமைக்குப் புறப்படும் இல்லறத்தானுடைய காலைப்பொழுதை அவர் கடிந்ததாக நான் கொள்ளவில்லை.

நுரை என்ன செய்கிறது என்பதையும் சிறிது ஆராய்தல் வேண்டும். மயிரை மென்மையாக்குவது சவர்க்காரம் என்று பலர் எண்ணுகிறார்கள். மென்மையாக்குவது நீரே. மயிர் தன் நிறையில் ஏறக்குறைய 30 சதவீதம் நீரைக் குடிக்கவல்லது. குடித்தபின் அதை அறுப்பதற்கு வேண்டிய விசை வெகுவாகக் குறைகிறது. சவர்க்காரம் செய்வன, மயிரைப் போர்த்தியிருக்கும் எண்ணெய்ப் பசையை நீக்கி நீருக்கு வழிவிடுதலும், நீரை உலர்ந்து போகவிடாமல் அவ்விடத்திலேயே பிடித்துவைத்தலும், கத்தி வழுக்கிச் செல்லத் துணைசெய்தலுமே. மாயையைப்பற்றிச் சைவ சித்தாந்தம் கூறுவதும் இதுவே. மாயை சடம், தானாக எதையும் செய்யாது. தனுவாகவும் கரணமாகவும் புவனமாகவும் போகமாகவும் விரிந்து, ஆணவத்தால் அறிவிழந்து கிடந்த உயிருக்குச் சிறிது விளக்கத்தைத் தந்து, சிவசக்தி தொழிற்படுவதற்கு இடங்கொடுத்து நிற்பது அது. உள்ளிருந்து மலத்தைப் பக்குவப்படுத்துகிறவள் திரோதான சக்தி.

பக்குவத்துக்குக் காலம் வேண்டும். கொச்சிக்கடையில், 1856இல் பொன்னம்பல முதலியார் அமைத்து, பின்னர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில், கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய சலூன்களில், தூரிகையாலேயே நுரை குழைக்கும் முதியவர் ஒருவரை இன்றைக்கும் காணலாம். அவர் நுரையைத் தாடையில் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொள்வார். பிளேடை உறையோடு சேர்த்து இரண்டாக முறித்து, ஒரு பாதியைக் கத்திப்பிடியிற் செருகி, துவாயை உதறி மடிப்பார். பிறகு வந்து பெருவிரலால் மோவாயைத் தடவிப் பார்ப்பார். நேரமாகிறதென்று நாம் அசைந்தால், “இன்னும் ஊறல்ல ஐயா, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லி, இரண்டாந்தரமும் தூரிகையை எடுப்பார். இரண்டு மூன்று நிமிடங்களில் முடியும் அந்தக் காத்திருப்பை அவர் எவருக்காகவும் குறைப்பதில்லை. நல்வினை தீவினைகளை ஒப்பக் காணும் இருவினையொப்பும், மலம் கழலும் பக்குவமாகிய மலபரிபாகமும் கூடியபின்னரே, திருவருள் உயிரிற் பதிதலாகிய சத்திநிபாதம் நிகழுமென்று நூல்கள் வகுத்த முறையைப் படிக்கும்போது, அருளாளனாகிய இறைவன் ஏன் இத்தனை பிறவிகள் காத்திருக்கவேண்டும், ஒரே கணத்தில் மலத்தை அறுத்துவிடலாகாதா என்று இளமையில் எவருக்கும் தோன்றும். ஊறாத தாடியிற் கத்தி வைத்தவன் மயிரோடு தோலையும் எடுத்துவிடுகிறான். உயிருக்குக் கேடு வராமல் மலத்தை நீக்கவேண்டுமாதலின், தாமதமும் கருணையின் ஒரு வடிவமே என்று நான் துணிகிறேன்.

இந்த உவமையை எல்லை கடந்து நீட்டலாகாது. நுரையைக் குழைப்பவனுக்கு அளவு தெரியாமற் போகலாம். இறைவனுக்கு அது இல்லை. ஆயினும் ஓரிடத்தில் அது எதிர்பாராத அளவுக்கு ஒத்துவருகிறது. கத்தி தோலுக்கு மேலுள்ளதையே எடுக்கிறது. வேர் உள்ளே இருக்கிறது. நாளை மீண்டும் சவரம் வேண்டும். ஆணவமும் முத்தியில் அழிந்தொழிவதில்லை, அதன் சக்தி மடங்கிக் கிடக்கிறது என்பதே சித்தாந்தத்தின் துணிபு. ஆதலாலன்றோ சிவஞானபோதத்தின் 12ஆம் சூத்திரம், ஞானம் கைவந்தவனை நோக்கியே, மலத்தைக் கழுவுமாறும், அன்பரோடு கூடியிருக்குமாறும், அவர்தம் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனென்றே தொழுமாறும் பணிக்கிறது!

திரோதான சக்தியைப்பற்றி ஒரு செய்தியை இங்கே கூறாமல் விட என் மனம் இடங்கொடுக்கவில்லை. ஐந்து மலங்களை எண்ணும்போது சாத்திரகாரர் அவளையும் ஒரு மலமாக எண்ணுகிறார்கள். அவள் சிவனுடைய சக்தி, மாசில்லாதவள், மலத்தோடு நின்று மலத்தைப் பக்குவப்படுத்துவதனால், உபசாரமாக அவளுக்கும் மலமென்று பெயர் வந்தது. பக்குவம் முடிந்ததும் அவளே அருட்சக்தியாகப் பதிகிறாள். மலத்தின் நடுவே வேலைசெய்ததனால் மலமென்னும் பெயரை அருளே ஏற்றுக்கொண்டது என்றால், அதைக் காட்டிலும் பெரிய தாழ்மையை நான் எந்தச் சமயத்திலும் கண்டதில்லை.

அழுக்கோடு வேலைசெய்தவர்களுக்கு அழுக்கின் பெயரை நம் சமூகமும் கொடுத்தது. உபசாரமாகக் கொடுக்கவில்லை, மெய்யென்றே நம்பிக் கொடுத்தது. துணி வெளுத்தவரையும் முடி மழித்தவரையும் யாழ்ப்பாணத்தார் பஞ்சமர் என்னும் ஐந்து வகுப்பாருள் அடக்கினார்கள். அவர் கை படாமல் நம் வீட்டில் ஒரு மரணக் கிரியை முடிவதில்லை. அவர் சேர்ந்து சுத்தி செய்துகொடுத்த பின்பு நாம் சுத்தரானோம், அவர் அசுத்தராகவே வாசலில் நின்றார். இறைவனுக்கு உவமையாக அருணந்தி சிவாசாரியர் நிறுத்திய மனிதன் ஆடை வெளுப்பவன் என்பதை அந்நூலைப் பாடஞ் சொன்னவர்கள் எவ்வாறு மறந்தார்கள்? அடியார்களின் ஆடையை வெளுத்த காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டரை 63 நாயன்மாருள் ஒருவராக வைத்து வணங்குகிறோமே, அந்த வணக்கம் எங்கே போயிற்று? நம்மோடு இந்த நகரிலே வாழும் பௌத்தர்களின் வரலாற்றில், சாக்கிய குமாரர்கள் தங்கள் செருக்கு அடங்கவேண்டுமென்று தாங்களே வேண்டிக்கொண்டு, தங்களுக்குச் சவரம் செய்துவந்த உபாலியை முன்னதாகத் துறவுபெறச் செய்து, பின்னர் தாங்கள் துறவு பெற்று அவரை வணங்கினார்கள். புத்தருடைய பரிநிருவாணத்துக்குப் பின் இராசகிருகத்திற் கூடிய முதற் சங்கத்திலே விநயத்தை ஓதி ஒப்புவித்தவரும் அந்த உபாலியே. குமாரர்களின் கருத்து நமக்கும் வந்திருக்கலாம்.

இலங்கையிற் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. அதற்குப் பின்னும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் சென்று வணங்க வந்த, பஞ்சமர் எனப்பட்டவர்களுக்கு வழி மறிக்கப்பட்டது. அவர்கள் வாயிலிலே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஆலயத்தின் தூய்மையைக் காப்பதற்கே மறித்தோம் என்று கூறப்பட்டது. 12ஆம் சூத்திரம் அரனென்று தொழச் சொன்னது இரண்டை: ஆலயம் ஒன்று, அன்பரின் திருவேடம் மற்றொன்று. ஒன்றைக் காப்பதாக எண்ணி மற்றதை வெளியே நிறுத்திவைத்த அந்தச் செயலைச் சைவ நூல் எதனைக் கொண்டும் நியாயப்படுத்த எனக்கு வழி தோன்றவில்லை.