லூதரின் இறுதி ஆண்டுகள்

பெருஞ்செயல் புரிந்த ஒருவரின் பிழையை அவர் பெருமை கருதி மன்னித்துவிடலாமா? மார்ட்டின் லூதரின் இறுதி ஆண்டுகள் எழுப்பும் வினா இது.

1521இல் வோர்ம்ஸ் நகரிலே, பேரரசன் முன்னிலையில், மனச்சாட்சிக்கு மாறாக நடக்க இயலாதெனத் துணிந்து நின்றவர் அவர். யூதரை அன்புடன் நடத்துமாறு 1523இல் எழுதியவரும் அவரே. ஆனால், அவர்கள் மதம் மாறுவார்கள் என்ற எதிர்பார்ப்பு அவ்வன்பினுள் மறைந்திருந்தது. அது பொய்த்தபோது அன்பு பகையாயிற்று. யூதரின் தொழுகைக்கூடங்களைக் கொளுத்தவும், வீடுகளை இடிக்கவும், நூல்களைப் பறிக்கவும் வேண்டுமென 1543இல் நூலெழுதினார்.

1546 தொடக்கத்தில், மான்ஸ்பெல்ட் பிரபுக்களின் பிணக்கைத் தீர்த்துவைக்க, நலிந்த உடலுடன் தாம் பிறந்த ஐஸ்லெபென் நகருக்குச் சென்றார். அங்கு ஆற்றிய கடைசிப் பிரசங்கங்களிலும் யூதருக்கெதிராகப் பேசினார். பெப்ரவரி 18இல், தமது 62ஆவது வயதில், அந்நகரிலேயே இறந்தார். மனிதர் யாவரும் இரவலரே என்பது அவர் இறுதியாக எழுதிய குறிப்பின் கருத்து. அந்த இரவலர் கூட்டத்தில் யூதருக்கு மட்டும் இடமில்லாது போயிற்று.

முதுமையும் நோயுமே காரணம் என்பர் சிலர். 1525இல், கிளர்ந்தெழுந்த குடியானவரை வெட்டிச் சாய்க்குமாறு பிரபுக்களை ஏவியபோது அவருக்கு வயது 41 தான். நோய் சொல்லின் கடுமையைக் கூட்டலாம். கொள்கையை வகுத்துத் தராது.

எழுத்து எழுதியவனோடு மடிவதுமில்லை. 1946இல், நியூரம்பேர்க் நீதிமன்றத்தில், நாஜி ஸ்ட்ரைக்கர் தன் குற்றத்துக்கு லூதரின் நூலைத் துணைக்கழைத்தான். 1994இலேதான் அமெரிக்க லூதரன் திருச்சபை அவ்வெழுத்தைப் பகிரங்கமாக நிராகரித்தது.

வோர்ம்ஸில் நின்ற லூதரைப் போற்றுவோம். தமக்கென அவர் அன்று கோரிய மனச்சாட்சியுரிமை யூதனுக்கும் குடியானவனுக்கும் உரியதே. அதை மறுத்த குற்றத்தை அவரது பெருமை மறைத்துவிட முடியாது.