மறைந்த குறையும் நான்காம் சீலமும்

தன் வண்டியில் மறைந்த குறை இருக்கலாமென ஐயுறுபவன், அதை மறைத்து விற்கலாமா?

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் கார்களும் பிக்கப் டிரக்குகளும், கியரைப் 'பார்க்' நிலையில் வைத்த பின்னும் தாமே பின்னோக்கி நகர்வதாகப் புகார்கள் எழுந்தன. 1980-இல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் வண்டிகளுக்கு, உள்ளே ஒட்டத்தக்க எச்சரிக்கைச் சீட்டுகள் அனுப்பப்பட்டன. எல்லா வண்டிகளும் நழுவவில்லை. தன் வண்டி நழுவுமோ என்பது உரிமையாளனுக்கு ஐயமே.

அச்சீட்டைக் கிழித்தெறிந்து விற்பவன் வாயால் பொய் சொல்லவில்லை. ஆயினும் கருத்தே வினையென்பது பகவன் போதனை. ஏமாற்றும் கருத்தோடு கை செய்வதும் முசாவாதமே. "எனக்கு உறுதியாகத் தெரியாது" என்பது சாக்காகாது. அந்த ஐயத்தையே சொல்லலாமே! சொன்னால் விலை குறையும். சொல்லாவிடில், வண்டியின் பின்னே நிற்கும் குழந்தையன்றோ விலை கொடுக்க நேரும்?