தலையெழுத்துக்கு ஒரு சோதனை

விபத்தில் அடிபட்டவர் மருத்துவமனை வாசலிலேயே இறந்துபோனால் நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "விதி முடிஞ்சு போச்சு." எழுதியவர் யார்? எத்தனை மணிக்கு முடிந்தது? ஆம்புலன்ஸுக்கு எப்போது சொன்னார்கள்? இதையெல்லாம் கேட்டால் முறைப்பார்கள்.

விதியையும் சோதித்துப் பார்க்கலாம். கிராஷ்-2 ஆய்வு அதற்கு வழி செய்தது. இந்தியா உட்பட 40 நாடுகளில், பலத்த காயத்தோடு வந்த 20,211 பேர். பாதிப் பேருக்கு, உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம். மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவானது. ஊசி போட்ட மருத்துவருக்கே தெரியாது. 2010இல் முடிவு வெளியானது. உப்புநீர் பெற்றவர்களில் 1,613 பேர் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 1,463 பேர். தலையில் எழுதியபடிதான் சாவு என்றால், இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டாமா? தற்செயல் என்பீர்களா? அதற்கும் கணக்குப் போட்டார்கள். தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர ஆயிரத்தில் நான்கு வாய்ப்புகூட இல்லை. அந்த 150 பேரின் தலையெழுத்தை அழித்தது எது?

மருந்தை உருவாக்கியவர்கள் ஜப்பானின் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும். போரில் நொறுங்கிய நாடு, காசில்லாத ஆய்வகம். ரத்தத்தை ஆராய்ந்தால், பற்றாக்குறை வரும்போது தங்கள் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். பிழைத்தவர் மொட்டை போடுவதோ பழனியில்!

ஆனால் மருந்துக்கும் மணிக்கணக்கு உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால், ரத்தம் போய்ச் சாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தபோது அந்தச் சாவு கூடவே செய்தது. அந்த நேரத்தைத் தின்பது யார்? வண்டியை ஓரங்கட்டி செல்போனில் படம் பிடிப்பவர். "போலீஸ் கேஸ், நமக்கேன் வம்பு" என்று நகர்பவர். இவரேதான் ஆயுதபூஜையன்று நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்துத் தன் வண்டிக்குக் காவல் தேடுகிறார். அதில் வழுக்கி அடுத்தவர் மண்டை உடைந்தால் அதுவும் விதியா?

வம்பு என்ற சாக்கும் செல்லாது. நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை வழக்கிலிருந்து காக்க, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தாகிவிட்டது. தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 முதல் அரசுத் திட்டமும் இருக்கிறது. இன்னும் என்ன தயக்கம்?

அடுத்த முறை கூட்டத்தை விலக்கி உள்ளே போங்கள். 108க்குச் சொல்லுங்கள். ரத்தம் வரும் இடத்தில் துணியை வைத்து, இரண்டு கையாலும் பலமாக அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்காதீர்கள்.